விழுங்காத இருபத்தாறு மாத்திரைகள்

டாக்டர் என் வலது கையின் விரல் முட்டிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, "வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

"கொஞ்சம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த கையை எடுத்தார். அப்போது பின்னால் நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "அவ மூஞ்சியப் பாக்காதீங்க டாக்டரம்மா. அது ஒண்ணுஞ் சொல்லாது. கால் கட்டை வெரலப் பாருங்க."

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். செருப்புக்குள் என் கட்டைவிரல் நண்டுக் கொடுக்கு மாதிரி மடங்கிக்கிடந்தது. மறுபடியும் எல்லா முட்டிகளையும் முதலிலிருந்து அழுத்தினார், இந்தத் தடவை காலைப் பார்த்தபடி. அதன் பிறகுதான் தாளில் நிறைய எழுதினார்.

நான் வேண்டுமென்று மறைக்கவில்லை. பதினாறு வருடமாக ஏர் ரைபிள் சுடுகிறவள். விசையை அழுத்துகிற நேரத்தில் மூச்சும் முகமும் அசையக் கூடாது என்று பழக்கிய உடம்பு. யாராவது கையைத் தொட்டு ஏதாவது செய்யப் போகிறார்கள் என்றாலே அது தானாகக் கல்லாகிவிடும். சேலத்து ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னால் இரண்டு டாக்டர்கள் "பெருசா ஒண்ணுமில்ல, வயசாச்சு" என்று சொன்னதற்கு என் முகமும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

என் பெயர் மல்லிகா. ஊர் திருச்செங்கோடு. தபால் ஆபீசில் முப்பத்து மூன்று வருடம் முத்திரை குத்திவிட்டு, போன வருடம் ஓய்வு பெற்றேன். வீட்டுக்காரர் செங்கோட்டுவேல் போர்வெல் லாரி வைத்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து வருடத்தில் பாதி அவர் வடக்கே ஏதோ ஒரு காட்டில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். நான் சுட ஆரம்பித்ததற்குப் பெரிய லட்சியக் கதை எதுவும் கிடையாது. மகளைக் கோடை விடுமுறையில் துப்பாக்கிப் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டேன். அவள் நான்கு நாள் போய்விட்டு, தோள் வலிக்கிறது என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். கட்டிய பணம் வீணாகக் கூடாதென்று மீதி நாட்களுக்கு நான் போனேன். அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. பக்கத்து வீடுகளில் சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் கிளப் இருப்பது நாமக்கல் போகிற வழியில், ஒரு பழைய கோழிப்பண்ணைக் கொட்டகையில். பத்து மீட்டர் தூரத்துக்குச் சுட நீளமான கூரை வேண்டும், கோழிக்கும் அதேதான் வேண்டும். மழை பெய்தால் இன்னும் கோழி வாசனை வரும்.

இந்தச் சுடுதலில் நின்றுகொண்டு சுட வேண்டும். இடது முழங்கையை இடுப்பில் ஊன்றி, கையை மூடி, அந்த முட்டிகளின் மேல் துப்பாக்கியை வைக்க வேண்டும். துப்பாக்கி கிட்டத்தட்ட ஐந்து கிலோ. அத்தனை பாரமும் நான்கு முட்டிகளில் இறங்கும். எனக்குக் காலையில் கை மூடாமல் போனது ஒன்றரை வருடத்துக்கு முன்னால். எழுந்தால் விரல்கள் விறைத்துக்கிடக்கும். குழாய் திருக வராது, இட்லித் துணியைப் பிழிய வராது, ஜாக்கெட் கொக்கி மாட்ட வராது. ஒன்பது மணி ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். முத்திரை குத்திய கை, அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டேன்.

சுடுகிறவர்களுக்கு இதில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குண்டுகள் சிதறாமல் ஒரே இடத்தில் விழுந்து, அந்த இடம் மட்டும் நடுவிலிருந்து தள்ளிப்போனால், ஆளிடம் குற்றமில்லை என்று அர்த்தம். துப்பாக்கியில் குறியை நகர்த்துகிற குமிழை இரண்டு திருகு திருகினால் சரியாகிவிடும். என் குண்டுகள் இடது பக்கமாக விழ ஆரம்பித்தன. திருகினேன். இன்னும் தள்ளிப்போயின. இன்னும் திருகினேன். கை மணிக்கட்டு வீங்கிக் கோணலாகிக்கொண்டிருந்ததை நான் குமிழைத் திருகித் திருகி எட்டு மாதம் சரிசெய்துகொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குமிழையே என்னால் திருக முடியவில்லை. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவைப் பார்க்க மூன்று மணி நேரம் காத்திருந்தோம். மூட்டு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் உட்காரும் இடத்தில் நாற்காலிகள் ஏன் அவ்வளவு தாழ்வாக இருக்கின்றன என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஒவ்வொரு பெயர் கூப்பிடும்போதும் ஒருவர் எழ, இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. ரத்தம் எடுத்தார்கள், இரண்டு கைகளையும் படம் எடுத்தார்கள். நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. முடக்கு வாதம்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். வயதானால் மூட்டு தேய்வது வேறு, இது வேறு. நோயை எதிர்க்க உடம்பில் இருக்கிற காவல் ஆட்களே, புத்தி கெட்டுப்போய், மூட்டுகளைத் திருடன் என்று நினைத்து அடிக்கிறார்கள். அதனால்தான் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம். வீக்கம் அப்படியே நின்றால் எலும்பை அரிக்கும், விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். "அரிச்சது திரும்ப வளராதும்மா. இப்ப படத்துல எலும்பு நல்லாயிருக்கு. இந்த ஆறு மாசம்தான் நமக்கு முக்கியம்" என்றார்.

வாரத்துக்கு ஒரு நாள் போடுகிற மாத்திரை ஒன்று. அதுதான் முக்கிய மருந்து, ஆனால் வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை வீக்கத்தைப் பிடித்து நிறுத்த, தினமும் காலையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. "இது ஸ்டீராய்டு. பயப்படாதீங்க, கம்மி அளவுதான். ஒரு நாளும் விடாதீங்க" என்றார்.

நான் தலையாட்டினேன். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததுமே உள்ளே ஒரு கதவு சாத்திக்கொண்டது. கிளப்புக்கு ஒரு தடவை வெளியூர் பயிற்சியாளர் வந்து, போட்டிக்காரர்கள் தொடக் கூடாத மருந்துகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். ஸ்டீராய்டு என்ற பெயரைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அதைச் சாப்பிட்டுச் சுட்டால் அது மோசடி.

ஏழு வாரத்தில் எங்கள் கிளப் போட்டி. அறுபது வயது தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு, அவர்கள் துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துச் சுடலாம். இந்த வருடம்தான் நான் அந்தப் பிரிவுக்கு வந்திருந்தேன். பதினாறு வருடத்தில் எனக்கு ஒரு பரிசும் கிடைத்ததில்லை, நான்காவது ஐந்தாவதாகவே வருவேன். அறுபதுக்கு மேலே என்னோடு சுட இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இன்னொருவர் யாருடைய குறி அட்டையில் சுடுகிறோம் என்பதையே மறந்துவிடுவார். இந்த வருடம் விட்டால் வேறு எந்த வருடம்?

பரிசு மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். சிரிக்காதீர்கள்.

மாத்திரை அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுக்க என் விரல்களுக்குப் பலம் இல்லை. அதை என் வீட்டுக்காரர் செய்தார். தன் வேட்டி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியாத மனிதர், தினமும் காலையில் எனக்கு முன்னால் எழுந்து, காபி போட்டு, மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கி, டம்ளர் பக்கத்தில் வரிசையாக வைப்பார். "வெள்ளை, மஞ்சள், உருண்டை. போட்டுக்க புள்ள" என்பார். மஞ்சளும் உருண்டையும் சத்துக்கு. நான் வாயில் போட்டுக்கொள்வேன். வெள்ளையை மட்டும் நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பி, துடைத்து, காலியான குண்டு டப்பாவில் போட்டு மூடிவிடுவேன். போட்டி முடிந்ததும் ஆரம்பித்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

நான்காவது வாரக் கடைசியில் வலது முழங்கால் வீங்கியது. காலையில் பார்த்தபோது தேங்காய் அளவு, மத்தியானத்துக்குள் சூடும் காய்ச்சலும். கால் தரையில் பட்டால் உயிர் போனது. எதிர் வீட்டுக்காரர் காரில் என்னைப் படுக்கவைத்துச் சேலம் கொண்டுபோனார்கள். மூட்டுக்குள் கிருமி புகுந்திருந்தால் ஒரு நாளிலேயே மூட்டை அழித்துவிடுமாம், அதனால் உடனே சேர்த்துக்கொண்டார்கள். முழங்காலில் ஊசியைச் செருகி நீரை உறிஞ்சி எடுத்தார்கள். தெளிவாக இருக்க வேண்டிய நீர், கலங்கின கஞ்சித் தண்ணீர் மாதிரி வந்தது. அதைக் கிண்ணத்தில் வளர்த்து, கிருமி இருக்கிறதா என்று பார்க்க மூன்று நாள். அதுவரை கையில் ட்ரிப்ஸ்.

அந்த மூன்று நாளும் எனக்குக் கிருமி இருக்கக் கூடாதே என்ற பயம் பாதி, இருந்துவிட்டால் நல்லது என்ற நினைப்பு பாதி. கிருமி என்றால் தப்பு என்னுடையது இல்லையே. இப்படி நினைத்ததை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில் எடப்பாடியைச் சேர்ந்த ஒரு அம்மா, விசைத்தறிக் குடும்பம், இடுப்பு மூட்டு மாற்றிப் படுத்திருந்தார். என்னை விட ஐந்து வயதாவது பெரியவர், அக்கா என்றே கூப்பிட்டேன். அவர் வீட்டிலிருந்து வந்த சாத்துக்குடியை எனக்கும் தருவதற்காக உரித்தார். அப்போதுதான் அவர் கைகளைச் சரியாகப் பார்த்தேன். எட்டு விரல்களும் காற்றில் சாய்ந்த பயிர் மாதிரி வெளிப்பக்கம் சாய்ந்திருந்தன. பழத்தை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, பல்லால் தோலைக் கிழித்தார்.

"உங்களுக்கும் இதே நோயாங்க்கா?"

"இதேதாங் கண்ணு. இருவத்தஞ்சு வருசமாச்சு. அப்பெல்லாம் இதுக்கு ஒரு டாக்டர் இருக்காங்கன்னு எங்களுக்கு ஆரு சொன்னாங்க? தைலந் தேச்சுக்கிட்டே தறி ஓட்டுனேன். இன்னதுன்னு தெரியறதுக்குள்ள வெரலு போயிருச்சு." அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். "சாப்பிடு சாமி, இனிப்பாத்தான் இருக்குது."

சுளையைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். அவருக்குக் கிடைக்காத மாத்திரை என் வீட்டு அலமாரியில், குண்டு டப்பாவில், இருபத்தாறு கிடந்தது.

நான்காம் நாள் காலை டாக்டரம்மா வந்தார். கிருமி இல்லை என்று சொன்னார். என் வீட்டுக்காரர் முருகா என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் டாக்டரம்மா முகம் தெளியவில்லை.

"கிருமி இல்லேன்னா, இது நோயோட வேகம்தான். தினமும் ஸ்டீராய்டு எடுத்தும் இவ்வளவு வீக்கம் வந்திருக்குன்னா இது சாதாரணமா அடங்காதுன்னு அர்த்தம். அடுத்த கட்டத்துக்குப் போயிரலாம்" என்றார். அது ஒரு ஊசியாம். அந்தப் புத்தி கெட்ட காவல் ஆட்களைக் கட்டிப்போடும், ஆனால் நல்ல காவலும் கூடவே குறைந்துவிடும். பழைய காசநோய் எங்காவது தூங்கிக்கொண்டிருந்தால் அது எழுந்துவிடும், அதனால் முதலில் அதற்குச் சோதனை. ஊசியின் விலையும் அதிகம், மாதாமாதம் போட வேண்டும்.

"எது வேணுமோ அதப் போடுங்க டாக்டரம்மா. லாரிக்குக் கம்ப்ரசர் மாத்தறத அப்புறமாட்டுப் பாத்துக்கலாமுங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் சம்மதத் தாளை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டார்.

"வேண்டாங்க, நில்லுங்க" என்றேன். "நான் அந்த வெள்ளை மாத்திரையச் சாப்பிடலீங்க டாக்டர்."

"என்னிக்கு?"

"ஒரு நாளுமே."

என் வீட்டுக்காரர் சிரிக்கப் பார்த்தார். "காய்ச்சல்ல என்னமோ சொல்றா. நாந்தானுங்க டாக்டரம்மா தெனமும் என்ற கையால எடுத்துக் குடுத்தேன்."

"குடுத்தீங்க. நான் முழுங்கலீங்க. வாயில வெச்சிருந்து துப்பிட்டேன். குண்டு டப்பாவுல இருக்குது, எண்ணிக்கூடப் பாக்கலாம்."

டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று கேட்டார். போட்டி, தடை செய்யப்பட்ட மருந்து, பயிற்சியாளர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் ட்ரிப்ஸைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. போனை எடுத்துக் கொஞ்ச நேரம் தேடினார்.

"சதை வளர்க்கச் சாப்பிடற ஸ்டீராய்டு வேற, இது வேற. ஆனா போட்டி நாள்ல இதுவும் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. உங்க சந்தேகம் தப்பில்லம்மா" என்றார். "அதை என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே லெட்டர் குடுத்திருப்பேன். பெரிய போட்டிகள்ல அதுக்கு அனுமதி வாங்க வழி இருக்கு. இப்ப பாருங்க, வேலை செய்யாத மருந்துன்னு நினைச்சு நான் உங்களுக்குத் தேவையில்லாத ஊசி போட இருந்தேன்."

சம்மதத் தாளை வீட்டுக்காரர் கையிலிருந்து வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு போனார். இவர் பேனாவை மூடினார். என்னைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மூன்று மணி நேரம் வரவில்லை. டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். புருஷனைப் பற்றி அந்தப் பழமொழியில் ஒன்றும் இல்லை. டிபன் கேரியருக்காக மோசடி செய்யக் கூடாது என்று நினைத்தவள், எனக்குக் காபி போட்டுக் கொடுத்த மனிதனை இருபத்தாறு காலை ஏமாற்றியிருக்கிறேன். இது ஏன் எனக்கு மோசடியாகத் தெரியவே இல்லை?

அவர் இட்லிப் பொட்டலத்தோடு வந்தார். பிரித்து, பிட்டு, சட்னியில் தொட்டு என் வாயருகே கொண்டுவந்தார். கண் சிவந்திருந்தது.

"டாக்டர்கிட்டச் சொல்லாததுகூடப் போவட்டும் புள்ள. நான் அந்த அட்டையப் பிதுக்கறப்பெல்லாம், இத்தன வருசம் வடக்க கெடந்ததுக்கு இதாச்சும் செய்யறமேன்னு..." நான் அழுதேன். எடப்பாடி அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குவது போல் இருந்தார்.

அன்று மத்தியானமே வெள்ளை மாத்திரை ஆரம்பமானது. இரண்டாம் நாள் காலை, கட்டில் கம்பியைச் சுற்றி என் விரல்கள் மூடின. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு முழுதாக மூடின. ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கைகளை மறுபடி படம் எடுத்தார்கள். வலது மணிக்கட்டில் ஓரிடத்தில் எலும்பு லேசாக அரித்திருந்தது. அது அந்த நான்கு வாரத்தில் வந்ததா, முன்னாலேயே வந்து படத்தில் தெரியாமல் இருந்ததா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லியிருப்பார். தாங்கியில் வைத்து அரை மணி நேரம் சுடலாம், முட்டியில் பாரம் கூடாது, மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது என்பது உத்தரவு.

வீட்டில் வேறு சட்டம் வந்தது. மாத்திரையைக் கொடுத்துவிட்டு அவர் எதிரிலேயே நிற்பார். "வாயத் தொற. நாக்கத் தூக்கு." நான் பால்வாடிக் குழந்தை மாதிரி நாக்கைத் தூக்கிக் காட்டுவேன். கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. மகள் போனில் கேட்டுச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் கிளப் செயலாளர் கூப்பிட்டார். மாத்திரை விஷயத்தைச் சொல்லி, அனுமதிக்காக டாக்டரம்மா எழுதித் தந்த கடிதத்தை யாரிடம் கொடுப்பது என்று கேட்டேன்.

"ஏனுங்க்கா, கோழிக் கொட்டாயில வந்து ஆரு உங்க மூத்திரத்தப் புடிச்சுப் பாக்கப் போறாங்க? பேசாம வந்து சுடுங்க. இல்லீன்னா அன்னிக்கு ஒரு நாளைக்கு மாத்திரைய வுட்டுருங்க, கணக்குச் சரியாப் போவுது. நின்னு சுடறதுக்கு மூணாம் நம்பர் எடம் உங்களுக்குத்தான்."

ஒரு நாள்தானே என்று எனக்கும் தோன்றியது. கடிதத்தை வாங்க ஆள் இல்லை, விழுங்கினால் சுடக் கூடாது, சுட்டால் விழுங்கக் கூடாது என்று இரண்டு நாளும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போட்டி அன்று காலை அவர் காபி போட்டார். நாள்காட்டித் தாளைக் கிழித்தார். கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மாத்திரைகளைப் பிதுக்கி டம்ளர் பக்கத்தில் வைத்தார். எதிரில் நிற்பார் என்று நினைத்தேன்.

"வண்டியத் தொடச்சுட்டு வாரேன்" என்றார். "நீ கெளம்பறதுன்னா கெளம்பு, கொண்டுபோய் வுடறேன்."

வாசலுக்குப் போய், வண்டியை எனக்கு முதுகு காட்டி நிறுத்தி, துணியை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தார். நேற்று சாயங்காலம்தான் அதைக் கழுவியிருந்தார்.

மஞ்சளைப் போட்டேன். உருண்டையைப் போட்டேன். வெள்ளையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பிறகு அதையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். நாக்கில் ஒட்டிக்கொண்டு கசந்தது, இன்னொரு வாய் குடித்தேன்.

"முழுங்கிட்டேனுங்க" என்று வாசலைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "நான் கேக்கவே இல்லியே புள்ள."